காஸ்டிக் சோடாவில் போட்டால் கதை கந்தல்! பழைய பைக் என்ஜினை குறைந்த செலவில் பளபளப்பாக்குவது எப்படி?

பழைய புல்லட், ஆர்.எக்ஸ். 100, எஸ்டி பைக்குகளுக்கு சென்னையில் இன்னும் மவுசு குறையவில்லை. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-லேயே நின்றுபோனது. ஆனாலும் அதன் ஹெட், கிராங்க் கேஸ், சைடு கவர் என்று புதுப்பேட்டை பழைய உதிரிபாக கடைகளில் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தேடிப்பிடித்து வாங்கும் பாகம் பெரும்பாலும் எண்ணெய் பிசுக்கும் கரியுமாகத்தான் கைக்கு வரும். பஃபிங் கடைக்கு கொடுத்தால் காசு. வீட்டிலேயே டீசல், பிரஷ், உப்புத்தாள் வைத்து செய்தால் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். ஆனால் தப்பான திரவத்தில் முக்கினால், அலைந்து வாங்கிய பாகம் ஒரே ராத்திரியில் காயலான் கடைக்குத்தான் போகும்.

பொங்குவது அழுக்கு அல்ல

பலரும் மாட்டிக்கொள்வது காஸ்டிக் சோடாவில்தான். டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சரில் அடைத்த கரியை எடுக்க அதை கரைத்து ஊற்றுவது பழைய வழக்கம். சைலன்சர் இரும்பு. அதனால் தாங்கிக்கொள்ளும். அதே நினைப்பில் ஹெட்டையும் பிஸ்டனையும் அந்த வாளியில் போடுகிறார்கள். அவை அலுமினியம்!

போட்டதும் நுரை பொங்கும். அழுக்கு கழன்று வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள். அழுக்கோடு அலுமினியமும் கரைந்துகொண்டிருக்கும். பொங்குவது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பாகம் கறுத்து, அரித்து, மரைகள் தேய்ந்து கிடக்கும். போல்ட் பிடிக்காது. சலவை சோடா வேகம் குறைவு என்றாலும் அதுவும் அலுமினியத்துக்கு ஆகாது. பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போகக்கூடாது.

எது இரும்பு, எது அலுமினியம் என்று தெரியவில்லையா? ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. பழைய புல்லட் 350-ல் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். ஒரே என்ஜினில் இரண்டும் இருக்கிறது, ஜாக்கிரதை.

பெட்ரோல் வேண்டாம்

சரி, எதில்தான் கழுவுவது? டீசல் அல்லது மண்ணெண்ணெய். பெட்ரோலில் கழுவினால் சீக்கிரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் பக்கத்து அறை அடுப்பில் பற்றும். சந்து வீட்டில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? டீசல் என்றாலும் வெட்டவெளியில் வைத்து, கையுறை போட்டு கழுவுங்கள். பீடி, சிகரெட் அப்புறம்.

என்ஜினை பிரிக்கும் முன்பே வெளிப்பக்கத்தை கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் பிரிக்கும்போது மண் உள்ளே விழும். பிளக் ஓட்டை, கார்புரேட்டர் வாய், சைலன்சர் வாய் மூன்றையும் துணி வைத்து அடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். காற்றில் குளிரும் என்ஜினுக்கு சிலிண்டரை சுற்றியுள்ள தகடு போன்ற விளிம்புகள்தான் உயிர். அந்த இடுக்கில் சேறு அடைத்தால் சூடு வெளியேறாது. ஆகவே இது வெறும் அழகு வேலை இல்லை.

பிஸ்டன் தலையில் காய்ந்த கரி இருந்தால் ராத்திரி முழுக்க டீசலில் ஊறவிடுங்கள். காலையில் மூங்கில் சிம்பு வைத்து சுரண்டினாலே வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் எடுத்தால் கீறல்தான் மிச்சம். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இரும்பு பாகம் காய்ந்த உடனே மேலே கொஞ்சம் ஆயில் தடவாவிட்டால் துரு ஏறிவிடும்.

எங்கே தேய்க்கலாம், எங்கே கூடாது?

பளபளப்பு வெளிக்கவருக்கு மட்டும்தான். கவரில் பழைய லாக்கர் பூச்சு இருந்தால் முதலில் பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே தேய்த்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும். ஆழமான கீறலுக்கு 220 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 400, 600, 1000. தண்ணீரில் சோப்பு ஒரு சொட்டு விட்டு தேய்க்கலாம். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கோடு மறைந்த பிறகுதான் அடுத்த தாள். அவசரப்பட்டு 220-ல் இருந்து 1000-க்கு தாவினால், பாலிஷ் போட்டதும் கோடெல்லாம் பல்லிளிக்கும். கடைசியில் மெட்டல் பாலிஷும் பனியன் துணியும். கை வலிக்கும், அதுதான் செலவு.

பேக்கிங் உட்காரும் முகத்தில் தாளே படக்கூடாது. அங்கே கொஞ்சம் பள்ளம் விழுந்தாலும் ஆயில் ஒழுகும். சிலிண்டரின் உட்சுவரை கண்ணாடி மாதிரி ஆக்க நினைக்காதீங்க. குறுக்கும் நெடுக்குமாக அங்கே தெரியும் மெல்லிய கோடுகள் ஆயிலை பிடித்துவைக்க வேண்டுமென்றே போடப்பட்டவை. கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டு குத்தினால் ஓட்டை பெரிதாகி பெட்ரோல் குடிக்கும். காற்று அடித்தாலே போதும்.

தேய்த்த தூள் ஆயில் போகும் துவாரத்தில் ஒளிந்திருந்தால் பேரிங்கை அரித்துவிடும். ஒவ்வொரு துவாரத்திலும் சோப்புத் தண்ணீர் விட்டு, காற்றடித்து, மறுபக்கம் வருகிறதா பாருங்கள். கழுவிய பேரிங்கை மட்டும் காற்றடித்து விர்ரென்று சுற்றவிடக்கூடாது. சிதறினால் முகத்துக்குத்தான் ஆபத்து. டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டுகிறவர்கள் கண்ணாடி போடாமல் தொடக்கூடாது, கம்பி தெறிக்கும்.

கடலோர ஊரில் உப்புக்காற்று பட்டு அலுமினியம் சீக்கிரம் மங்கும். கார் வேக்ஸ் லேசாக தடவி வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். கழுவிய அழுக்கு டீசலை சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.