ஹீலியத்துக்குப் பூட்டு, தண்ணீருக்கு வழி

பிறந்தநாளுக்கு வாங்கிய ஹீலியம் பலூனை மறுநாள் காலையில் பார்த்திருக்கிறீர்களா? நேற்று கூரையில் முட்டிக்கொண்டு நின்றது, இன்று சுருங்கித் தரையில் கிடக்கும். முடிச்சு அவிழவில்லை, ஓட்டையும் இல்லை. ரப்பரின் ஊடாகவே ஹீலியம் நழுவிப் போயிருக்கும். அவ்வளவு பொடி அணு அது!

அந்த ஹீலியத்தையே மறிக்கும் ஒரு தாள் உங்கள் பென்சிலுக்குள் இருக்கிறது. பென்சில் முனையில் களிமண்ணோடு கலந்திருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்கள் தேன்கூடு போலக் கைகோத்து நிற்கும் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் கிராஃபைட். அதிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தால் கிராஃபீன். அதன் தடிமன் ஓர் அணுதான். 2004இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் நாம் காகிதம் ஒட்டுவோமே, அந்த மாதிரி டேப்பைக் கிராஃபைட்டில் ஒட்டி ஒட்டிப் பிரித்தே அதை எடுத்தார்கள். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ஹீலியத்தையே விடாத தாளை வைத்து எப்படி வடிகட்டுவது? தாளில் ஓட்டை போடலாம். இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான்: தாள்களை அடுக்கி, அவற்றின் இடுக்கையே பாதையாக்குவது. ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீன் துணுக்குகளைத் தண்ணீரில் கலக்கி வடித்தால், அவை வெற்றிலை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும். காய்ந்ததும் மெல்லிய சவ்வு ஆகிவிடும். இதன் பெயர் கிராஃபீன் ஆக்சைடு சவ்வு.

2012இல் அதே மான்செஸ்டரில் ராகுல் நாயர், கெய்ம் குழுவினர் இந்தச் சவ்வால் ஓர் உலோகப் பாத்திரத்தை மூடினார்கள். உள்ளே ஹீலியத்தை வைத்தார்கள், வெளியே வரவில்லை. தண்ணீரை வைத்தார்கள், மூடியே இல்லாததுபோல ஆவியாகிப் போய்விட்டது! ஹீலியத்தைவிடக் குறைந்தது ஆயிரம் கோடி மடங்கு வேகமாகத் தண்ணீர் கடந்தது. முதன்முறை இதைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நான் மறுபடி படித்தேன்.

காய்ந்த சவ்வில் தாள்கள் நெருங்கிப் படுத்துவிடுவதால் ஹீலியத்துக்கு இடமில்லை. தண்ணீரோ ஆக்சிஜன் ஒட்டிய இடங்களைப் பற்றிக்கொண்டு தாள்களை விலக்கி உள்ளே நுழைகிறது. ஆக்சிஜன் இல்லாத வழுவழுப்பான பகுதிகளில் தடையில்லாமல் வழுக்கி ஓடிவிடுகிறது.

அப்படியானால் கடல்நீரை இதில் ஊற்றினால் உப்பு நின்றுவிடுமா? உடனே நிற்கவில்லை. மழையில் நனைந்த நோட்டுப்புத்தகம் எப்படி உப்பிக்கொள்ளும்? தண்ணீரில் மூழ்கிய சவ்வும் அப்படித்தான் உப்பியது. இடுக்கு அகன்றது, உப்பும் தண்ணீரோடு சேர்ந்து நுழைந்தது. பெரிய மூலக்கூறுகள் மட்டும் வெளியே நின்றன.

நனைந்த நோட்டின்மேல் அம்மிக்கல்லை வைத்தால் உப்பாது, இல்லையா? 2017இல் நாயர் குழு கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. சவ்வின் இருபுறமும் எபாக்சி என்ற கெட்டிப் பசையைப் பூசி, விரிய விடாமல் இறுக்கினார்கள். இன்னொரு வகையில், கிராஃபீன் துணுக்குகளையே ஆக்சைடோடு கலந்து உப்புதலைக் குறைத்தார்கள். அதில் சாப்பாட்டு உப்பு 97 சதவீதம் தடுக்கப்பட்டது. நீரில் கரைந்த உப்புத் துகள் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டைபோலப் போர்த்தியிருக்கும். குறுகிய இடுக்கில் நுழைய அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டும். அதற்கு நிறைய ஆற்றல் தேவை.

வாயுக்களையும் இப்படிப் பிரிக்கலாம். ஹைட்ரஜன் மூலக்கூறின் அளவு 0.29 நானோமீட்டர், கார்பன் டை ஆக்சைடின் அளவு 0.33. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து ஒன்றை விட்டு மற்றதை நிறுத்தும், இன்னும் மெல்லிய சவ்வுகளை 2013இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

இவ்வளவு மெல்லிய படலம் தனியாக நின்றால் கிழிந்துவிடும். அதனால் நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் அல்லது பீங்கான் தாங்கியின்மேல் அதைப் படியவைக்கிறார்கள். அல்லது பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். இப்படி இரண்டு பொருள்கள் சேர்ந்தது கலப்புச் சவ்வு. உள்ளங்கை அளவில் செய்துவிடலாம். வாசல் பாய் அளவில், ஒரு குண்டூசித் துளைகூட இல்லாமல் செய்வதுதான் இப்போது கடினமான வேலை. அந்த ஒரு துளை போதும், உப்பு அதன் வழியே போய்விடும்.