எழுத்தெண்ணிய பௌதிக சாஸ்திரி

எழுத்தெண்ணிப் படித்தவர் என்று நாம் சிலரைப் புகழ்வதுண்டு. அமெரிக்க பௌதிக சாஸ்திரியான தாமஸ் மெண்டென்ஹால் அதை மெய்யாகவே செய்தவர். சுவாலையில் இட்ட பொருளின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால், அதிலுள்ள மூலகம் இன்னதென்று நிறமாலைக் கோடுகளே கூறிவிடும். ஆசிரியனின் நடைக்கும் அத்தகைய அடையாளம் இராதா? கணித மேதை டி மார்கன் 1851-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே, சொற்களின் சராசரி நீளத்தால் ஆசிரியரை அறியலாம் என்று குறிப்பிட்டிருந்தார்.

மெண்டென்ஹால் ஓரெழுத்துச் சொல் எத்தனை, ஈரெழுத்துச் சொல் எத்தனை என்று எண்ணி, வளைகோடுகள் வரைந்து 1887-ல் வெளியிட்டார். அப்பால், ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் பேக்கனே என்ற பழைய வழக்கில் புகுந்தார். பாவம், எண்ணும் பாரத்தைச் சுமந்தவர்கள் இரண்டு பெண்மணிகள்! ஷேக்ஸ்பியரில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் சொற்கள். 1901-ல் வெளியான முடிவின்படி, ஷேக்ஸ்பியரிடம் நான்கெழுத்துச் சொற்கள் மிகுதி. பேக்கனிடம் மூன்றெழுத்துச் சொற்கள். வழக்குத் தீர்ந்ததென்றே தோன்றும். ஆனால் மார்லோவின் கோடு ஷேக்ஸ்பியரின் கோட்டோடு இழைந்து நின்றது. இதற்கு என்ன சொல்வது?

அன்றியும், எண்ணப்பட்ட ஷேக்ஸ்பியர் பெரும்பாலும் செய்யுள், பேக்கனோ வசனம். பூச்சியியல் நிபுணரான ஸி. பி. வில்லியம்ஸ் 1975-ல் இதைச் சுட்டிக்காட்டினார். பிலிப் சிட்னியின் செய்யுளையும் வசனத்தையும் ஒப்பிட்டபோது, ஒரே கை எழுதிய அவ்விரண்டுக்குமிடையே அதே வகை வேற்றுமை காணப்பட்டது.