காற்றுமண்டலத்தை அளக்கும் லேசர் ஒளி

குளிர்காலக் காலைகளில் கங்கைச் சமவெளி நகரங்களைப் புகைமூட்டம் சூழ்கிறது. அதிலுள்ள நுண்துகள்களின் அளவைத் தரையிலுள்ள கருவிகள் காட்டுகின்றன. ஆனால், அத்துகள்கள் எவ்வளவு உயரம் வரை பரவியுள்ளன என்பதை அவற்றால் கூற இயலாது. இவ்வினாவிற்கு விடை தருவதே 'லிடார்' எனப்படும் லேசர் தொலையுணர்வு முறையாகும்.

1960-இல் லேசர் உருவாயிற்று. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபியாக்கோ, ஸ்மல்லின் ஆகியோர் அதனைக் கொண்டு மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்தனர். மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர் துடிப்புகள் வானை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. துகள்களும் காற்று மூலக்கூறுகளும் அவ்வொளியைச் சிதறடிக்கின்றன. திரும்பி வரும் சிறு பகுதியைத் தொலைநோக்கி சேகரிக்கிறது. ஒளி சென்று திரும்ப ஆகும் நேரமே உயரத்தின் அளவுகோல். ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் 150 மீட்டரைக் குறிக்கும். திரும்பும் ஒளியின் வலிமை துகள்களின் செறிவை உணர்த்துகிறது. ஒளியின் அதிர்வுத் தளம் மாறியிருப்பின், அவை உருண்டைத் துளிகள் அல்ல. ஒழுங்கற்ற மண்துகள்களாகவோ பனிப் படிகங்களாகவோ இருக்கலாம். சர் சி. வி. இராமன் 1928-இல் கண்டறிந்த விளைவின் துணையால் நீராவியையும் அளக்க முடிகிறது.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தபோது, உலகெங்கும் உள்ள லிடார் நிலையங்கள் அடுக்குமண்டலத்தில் பரவிய கந்தக அமிலத் துளிகளைத் தொடர்ந்து கண்காணித்தன. அத்துளிகள் சூரிய ஒளியைத் தடுத்ததால், உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது.

நம் நாட்டில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் 1980-களிலேயே இம்முறையைக் கையாண்டது. திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில் 1998-இல் ஜப்பானிய ஒத்துழைப்புடன் ஒரு லிடார் நிறுவப்பட்டது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதன் பச்சை ஒளி, துகள்களையும் மெல்லிய உயர்மேகங்களையும் மேல்வளிமண்டல வெப்பநிலையையும் ஆராயப் பயன்பட்டது.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. அடர்ந்த மேகத்தை லேசர் ஒளி ஊடுருவுவதில்லை. எளிய லிடாரில் துகள்களின் தன்மையைப் பற்றிச் சில ஊகங்களும் தேவைப்படுகின்றன. விண்ணிலிருந்து இப்பணியைச் செய்த கலிப்சோ செயற்கைக்கோள் 2006 முதல் 2023 வரை இயங்கியது. 2024-இல் எர்த்கேர் செலுத்தப்பட்டது.

நிர்வாகத்திற்கும் இவ்வளவீடு இன்றியமையாதது. கோடை நண்பகலில் ஓரிரு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து பரவும் புகை, குளிர்கால இரவில் தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் அடைபடுகிறது. வெளியாகும் புகை மாறாதபோதும் மாசு பன்மடங்காகத் தோன்றும். 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் போன்ற முயற்சிகளை மதிப்பிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாசு குறைந்தது நடவடிக்கையாலா, காற்று மேலெழுந்து கலந்ததாலா என்பதைப் பிரித்தறிய, உயரத்தையும் அளந்தாக வேண்டும்.