லோயர் பண்ண ஸ்போர்ட்ஸ் காரா? ஆயில் ட்ரெயின் வால்வு வாங்கும் முன் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!

மெல்போர்னில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் போன மாதம் வீடியோ காலில் வந்தார். முகத்தைக் காட்டவில்லை, காரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றி, காரை நன்றாகவே இறக்கிவிட்டார். அந்த ஊரில் மெக்கானிக் கூலி கையைக் கடிக்கும் என்பதால் ஆயிலை அவரே மாற்றிக்கொள்வார். அந்த வேலை சுலபமாகட்டுமே என்று ஆயில் சம்பில் ஒரு பித்தளை வால்வு மாட்டியிருந்தார். இப்போது அதன் லீவர் வளைந்து, உடம்பெல்லாம் சிராய்ப்பு.

"ஸ்பீடு ஹம்ப்ல லேசா உரசுச்சுடா. வீட்டுக்கு வந்து பார்த்தா தரையில பொட்டுப் பொட்டா ஆயில்."

"ஓட்டும்போது ஒண்ணும் தெரியலையாண்ணா?"

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்ல!"

அந்த அளவில் தப்பித்தார். வால்வு அடியோடு ஒடிந்திருந்தால், இன்ஜினில் இருக்கும் சுமார் 4 லிட்டர் ஆயிலும் சில நிமிடங்களில் ரோட்டுக்குப் போயிருக்கும். ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்த பிறகும் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜின் சிக்கிக்கொள்ளும். ஒரு சின்ன பித்தளைத் துண்டு, மொத்த இன்ஜினுக்கும் வேட்டு. "சரி, வேற எதை மாட்டலாம்?" என்று அண்ணன் கேட்டார். அதற்குப் பதில் தேடிப்போனதில் எழுதியதுதான் இது.

பிளக்குக்கு எதிரி யார்?

சம்ப் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. அதன் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் போல்ட்தான் ட்ரெயின் பிளக். பலரும் நினைப்பதுபோல அங்கே ஆயில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்பதில்லை. அழுத்தமெல்லாம் பம்புக்கு அந்தப் பக்கம்தான். பிளக் தாங்குவது தேங்கிய ஆயிலின் எடையை மட்டுமே. அதனால் நல்ல வால்வு தானாகப் பிய்த்துக்கொண்டு ஒழுகுவது அபூர்வம். வெளியிலிருந்து வாங்கும் அடிதான் அதற்கு எமன். சாதாரண காரில் அந்த அடி விழ வாய்ப்பு குறைவு. இறக்கிய காரில் அப்படிச் சொல்ல முடியாது.

நம்ம ஊர்க் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதல்படி வேகத்தடை என்பது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட மென்மையான வளைவு. மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளின் வீல்பேஸ் 2,265 மி.மீ. அந்த வளைவில் இந்தக் கார் ஏறினால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மேடு எழுவது சுமார் 38 மி.மீ. மட்டும்தான். இறக்கிய கார்கூட தாண்டிவிடும். ஆனால் நம்ம தெருமுனையில் ஒரே ராத்திரியில் முளைக்கும் வேகத்தடையின் அகலம் ஒரு முழம்கூட இருக்காது. அதே 10 செ.மீ. உயரம், ஆனால் முழுசாக சக்கரங்களுக்கு நடுவே புகுந்துவிடும். 38 மி.மீ. எங்கே, 100 மி.மீ. எங்கே! போதாக்குறைக்கு கடைசி நொடியில் பிரேக் அடித்தால் காரின் மூக்கு இன்னும் கீழே அமுங்கும். சம்ப் இருப்பது அந்தப் பக்கம்தான். அதனால் பிரேக்கை முன்கூட்டியே பிடித்து, வேகத்தடையில் ஏறும் நேரத்தில் விட்டுவிடுங்கள்.

ஸ்கேல் வைத்துப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நீளமான நேர் ஸ்கேலோ அலுமினிய பட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். சம்புக்கு முன்னால் ஓடும் கிராஸ் மெம்பரின் அடியையும் சம்பின் அடியையும் தொடுகிற மாதிரி அதைப் பிடியுங்கள். அதுதான் உங்கள் காரின் எல்லைக்கோடு. பிளக் எந்தத் திசை பார்க்கிறது, அதன் தலை கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். பிளக் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பார்த்து, கோட்டுக்கு மேலே நல்ல இடைவெளியும் இருந்தால் உங்களுக்கு வால்வு உட்பட எல்லா வழியும் திறந்திருக்கிறது. நேராகத் தரையைப் பார்த்தால் வால்வு ஆசையை விட்டுவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கறார்தான்.

ஜப்பானின் ஃபுமோட்டோ மாதிரியான லீவர் வால்வுகள் நிஜமாகவே வசதியானவை. ஸ்பேனர் வேண்டாம், கையில் ஆயில் வழியாது, லீவரைத் திருப்பினால் போதும். ஆனால் போல்ட் தலையைவிட அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். டியூப் மாட்ட மூக்கு வைத்த மாடல் இன்னும் நீளம். வாங்கியே தீருவேன் என்றால் மூக்கு இல்லாத குட்டை மாடலும், லீவர் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் கிளிப்பும் வாங்குங்கள். ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வேறு வழியைப் பிடித்திருக்கிறது. காரோடு இருப்பது சின்ன வால்வும் மூடியும் மட்டும். ஆயிலை இறக்கும்போதுதான் டியூப் உள்ள பாகத்தைத் திருகுகிறோம். இறக்கிய காருக்கு இரண்டில் இதுதான் பொருத்தம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, தலை வெளியே நீட்டாமல் ஆலன் கீ போட்டுத் திருகும் தட்டை பிளக்தான். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் கம்பெனியே இப்படித்தான் கொடுத்தது, 8 மி.மீ. ஆலன் கீ போதும். ஒரே தொல்லை, குழிக்குள் மண் அடைந்திருக்கும்போது கீயைப் பாதி மட்டும் நுழைத்துத் திருகினால் உள்விளிம்பு மழுங்கிவிடும். முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள்.

காந்த பிளக் பற்றியும் கேட்பீர்கள். இரும்புத் துகளைப் பிடித்து வைக்கும், நல்லதுதான். அலுமினியம், செம்புத் துகள்களைத் தொடாது என்பதால் ஃபில்டர் வேலையை அது செய்யாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். சூடான இன்ஜினில் ஆயில் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதனால் சமேரியம் கோபால்ட் காந்தமா என்று கேட்டு வாங்குங்கள்.

அளவு தப்பினால் எல்லாம் போச்சு

எம்.எக்ஸ்-5க்கு எம்14 × 1.5 மரை. டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட். கார்களின் முதல் தலைமுறைக்கு எம்16 × 1.5. பல டொயோட்டா கார்களில் எம்12 × 1.25. முதல் எண் விட்டம், இரண்டாவது மரைக்கு மரை உள்ள தூரம். விட்டம் சரியாக இருந்து இரண்டாவது எண் தப்பினாலும் முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும். அப்புறம் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால், அலுமினிய சம்பின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். பிறகு ஹெலிகாயில் போடணும், இல்லை சம்பையே மாற்றணும். எதுவானாலும் முதலில் கையால்தான் திருக வேண்டும்.

வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு. அலுமினியமோ செம்போ, அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி நம்பாதீர்கள். இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். எம்.எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 30 முதல் 41 நியூட்டன் மீட்டர், மேலே சொன்ன பாக்ஸ்டருக்கு 50. உங்கள் கார் மேனுவலில் இருக்கும் எண்ணைப் போடுங்கள், மெக்கானிக்கின் புஜபலத்தை அல்ல. வால்வு போட்டால் வால்வு கம்பெனி சொல்லும் அளவு தனி.

எதையும் மாட்டாமலே தப்பிக்கவும் ஒரு வழி உண்டு. டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயிலை மேலிருந்தே உறிஞ்சும் பம்ப் கிடைக்கிறது. குழாய் சம்பின் அடிவரை போகும் கார்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஃபில்டரும் மேலே இருந்தால் ஜாக்கியே வேண்டாம். ஃபில்டர் கீழே இருந்தால் எப்படியும் படுக்கத்தான் வேண்டும். அப்போது முன் சக்கரங்களை மரப்பலகை மேல் ஏற்றினால் ஜாக்கி உள்ளே நுழைய இடம் கிடைக்கும். ஜாக் ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், ப்ளீஸ்.

இன்னும் காரை இறக்கவில்லை, யோசனையில்தான் இருக்கிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அண்ணன் காரில் பிளக் நேராகத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டை பிளக் ஆர்டர் பண்ணியிருந்தார், போன வாரம் வந்துவிட்டது. வாஷர் வாங்க மறந்துவிட்டார். கார் இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது.