உங்களுக்குத் தெரியுமா? நடந்தாலும் அறுபடாத வைஃபை!

■ பெரிய வளாகத்தில் ஒரு அக்சஸ் பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது உங்கள் போன்தான். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கியதும் வேறு அக்சஸ் பாயின்ட்டைத் தேடத் தொடங்குகிறது.

■ மாறும்போதெல்லாம் அடையாளச் சோதனை முதலிலிருந்து நடந்தால் பேச்சு துண்டுபடும். அந்தத் தாமதத்தைக் குறைக்கவே 2008-இல் 802.11ஆர் தரநிலை வந்தது. பாதுகாப்புச் சாவியை அது முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறது.

■ அக்சஸ் பாயின்ட்டுகளை நிர்வகிக்கும் கருவியான கன்ட்ரோலர் ஒன்று மட்டும் போதாத இடங்களில் பலவற்றை ஒரு குழுவாக இணைப்பார்கள். சிஸ்கோ இதை ‘மொபிலிட்டி குரூப்’ என்கிறது. குழுவிலுள்ள கன்ட்ரோலர்கள் பயனரின் இணைப்பு விவரங்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும். நெட்வொர்க் பெயரும் பாதுகாப்பு அமைப்புகளும் எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

■ புதிய கன்ட்ரோலர் வேறு சப்நெட்டில் இருந்தாலும் போனின் ஐபி முகவரி மாறத் தேவையில்லை. பழைய கன்ட்ரோலர் நங்கூரமாக நின்றுகொள்ள, இரண்டுக்கும் இடையிலான டன்னல் வழியே தரவு பயணிக்கும்.

■ அமைத்து முடித்ததும், வைஃபை அழைப்பில் பேசியபடி கட்டடம் முழுக்க நடந்து பாருங்கள். மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.