வில்வக்காய் பேதியை நிறுத்துமா?

வயிற்றுப்போக்குக்கு நல்ல மருந்து என்றால் அது கிருமியைக் கொல்ல வேண்டும் என்பது பொதுவான எண்ணம். மும்பையின் 'ஃபவுண்டேஷன் ஃபார் மெடிக்கல் ரிசர்ச்' நிறுவனத்து ஆய்வாளர்கள் வில்வக்காய்க் கஷாயத்தை முதலில் அப்படித்தான் சோதித்தார்கள். பேதியை உண்டாக்கும் ஆறு பாக்டீரியா ரகங்களுடன் கஷாயத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் 'பலன் இல்லை' என்று எழுதி ஆய்வு முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள்: உயிரோடிருக்கும் அந்தக் கிருமியால் குடலில் தன் வேலையைச் செய்ய முடிகிறதா?

தமிழ்நாட்டில் சிவன் கோயில் உள்ள ஊர்க்காரர்களுக்கு வில்வ மரம் புதிதல்ல. பல கோயில்களில் அதுவே தல விருட்சம். இலை அர்ச்சனைக்குப் போய்விடும். காயைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வட இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே கோடை வந்தால் வில்வப்பழ சர்பத் தெருவோரங்களில் விற்பனைக்கு வரும். பழத்தின் ஓடு மரக்கட்டைபோல் கடினமானது. கல்லில் ஓங்கி அடித்தால்தான் பிளக்கும். உள்ளே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறச் சதை, அதில் பதிந்த விதைகள், அவற்றைச் சுற்றிப் பசைபோன்ற வழவழப்பு, தூக்கலான மணம்.

மருத்துவத்தில் காயும் பழமும் ஒன்றல்ல. நன்கு பழுத்தது மலத்தை இளக்கும். பழுக்காத காயில் துவர்ப்பு அதிகம். அது மலத்தைக் கட்டும். பேதிக்கும் சீதபேதிக்கும் நாட்டு வைத்தியர்கள் எடுப்பது, துண்டு போட்டு வெயிலில் உலர்த்திய காயைத்தான். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-ல் அச்சான தம் நூலில் வில்வத்தைப் பற்றி எழுதினார். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்து நூலிலும் அது இடம்பிடித்தது.

மும்பை ஆய்வு 2009-ல் வெளியானது. ஆய்வாளர்கள் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களை நாடாமல், வீட்டில் வைப்பது போலவே கஷாயம் வைத்தார்கள்: 1 கிராம் காய்ப்பொடிக்கு 16 மில்லி தண்ணீர், அது 4 மில்லியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்தல். மக்கள் உண்மையில் குடிப்பதையே சோதித்தது இந்த ஆய்வின் பெரிய பலம்.

பேதி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் கண்டதன் அருமை புரியும். சில ஈ.கோலி ரகங்கள் குடல் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஷிகெல்லா போன்றவை குடல் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. காலரா கிருமி நச்சுப்பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஜிஎம்1 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொண்டதும், குழாயைத் திறந்துவிட்டது போல உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது.

வில்வக்காய்க் கஷாயம் இந்த மூன்று வழிகளிலும் குறுக்கிட்டது. ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் பாக்டீரியா ஒட்டுவதும் உள்ளே புகுவதும் கணிசமாகக் குறைந்தன. காலரா நச்சின் உற்பத்தி பாதிக்கப்பட்டது. காலரா நச்சும், ஈ.கோலியின் நச்சுகளில் வெப்பத்தால் சிதையும் வகையும் ஜிஎம்1-ஐப் பற்றுவது தடைப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் மற்றொரு ஈ.கோலி நச்சிடம் மட்டும் கஷாயம் எடுபடவில்லை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும், குழந்தைகளுக்குக் கடும் பேதி தரும் ரோட்டா வைரஸையும் அது செயலிழக்கச் செய்தது.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கின்றன. அவற்றைக் கண்டபடி உட்கொண்டதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருகின்றன. கிருமியைக் கொல்லாமல் அதன் தாக்குதலை முறியடிக்கும் ஒரு பொருள் எளிய காய்க்குள் இருக்கிறது என்றால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இவையெல்லாம் ஆய்வகக் கண்டுபிடிப்புகள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. அவற்றில் முக்கியமானது வாரணாசியில் நடந்து 1989-ல் வெளியானது. கிருமித்தொற்று இல்லாமலே வயிற்றுவலியுடன் பேதியோ மலச்சிக்கலோ இரண்டுமோ வரும் குடல் எரிச்சல் நோயாளிகள் 169 பேர் இதில் பங்கேற்றார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வில்வமும் நீர்ப்பிரம்மியும் சேர்ந்த மருந்தால் 64.9 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வழக்கமான ஆங்கில மருந்தால் 78.3 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்தால் 32.7 சதவீதம் பேருக்கும் தெரிந்தது. பேதி அதிகம் உள்ளவர்களுக்கு வில்வ மருந்து நன்றாக உதவியது. வலி அதிகம் உள்ளவர்களுக்கு ஆங்கில மருந்தே மேல். ஆனால் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்புவதைத் தடுப்பதில் இரண்டுமே வெற்று மருந்தைவிடச் சிறப்பாக இல்லை. மேலும், இரு மூலிகைகள் கலந்திருந்ததால் பலன் முழுவதையும் வில்வத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

மூலிகை என்றாலே ஆபத்தில்லை என்று இருந்துவிடவும் கூடாது. வில்வ இலையில் ஏஜலின் என்ற வேதிப்பொருள் உண்டு. அதைச் செயற்கையாகத் தயாரித்துச் சேர்த்த எடைக்குறைப்பு மாத்திரை ஒன்று, 2013-ல் அமெரிக்காவின் ஹவாயில் பலருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்புடன் தொடர்புபடுத்தப்பட்டு, சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. காயைக் கஷாயம் வைத்துக் குடிப்பதும், ஒரு வேதிப்பொருளைத் தனியாகச் செறிவாக விழுங்குவதும் வேறு வேறு.

பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. ஆகவே முதல் மருந்து ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாகம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வில்வத்தை மருந்தாக எடுக்க வேண்டாம்.

இனி தேவைப்படுவது மருத்துவமனையில் நடக்கும் முறையான பரிசோதனை. எல்லா நோயாளிகளுக்கும் ஓஆர்எஸ் கொடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் ஒரே தரத்தில் தயாரித்த வில்வக்காய்க் கஷாயத்தையும் சேர்த்துக் கொடுத்து, பேதி எத்தனை மணி நேரம் முன்னதாக நிற்கிறது என்று அளக்க வேண்டும். மரமும் நம்மிடம் இருக்கிறது, சித்த மருத்துவக் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன; இந்த ஆய்வைத் தமிழ்நாட்டிலேயே தொடங்கலாம்.