நாலணாச் சந்தாவும் நாட்டின் தலைமையும்

அரசியல் கட்சி என்றதும் பெரிய பந்தலும், மேடையும், மாலைகளுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் கட்சியின் உயிர்நிலை அங்கே இல்லை. உள்ளூர்க் கமிட்டியின் அங்கத்தினர் ஜாபிதாவிலே இருக்கிறது. இந்திய தேசீய காங்கிரஸின் சரித்திரமே இதற்குத் தக்க சான்று.

1920-ம் வருஷம் வரையில் காங்கிரஸ் பெரும்பாலும் டிஸம்பர் மாதத்தில் கூடிப் பேசிக் கலையும் சபையாகவே இருந்து வந்தது. அவ்வருஷம் நாகபுரியில் கூடிய மகாசபை, காந்தியடிகள் முன்னின்று வகுத்த புதிய அமைப்பு விதிகளை ஏற்றுக்கொண்டது. கொள்கையை ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு நாலணா சந்தா செலுத்தும் வயது வந்த ஆண் பெண் யாவரும் அங்கத்தினராகலாம் என்று ஏற்பட்டது. கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று படிப்படியாகக் கமிட்டிகள் எழுந்தன. பாஷை வாரியாக 21 மாகாணங்கள் வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கும் தனிக் கமிட்டி கிடைத்தது. உச்சியில் 350 பேர் கொண்ட அகில இந்தியக் கமிட்டியும், அன்றாட அலுவல்களை நடத்த 15 பேர் கொண்ட காரியக் கமிட்டியும் அமைந்தன.

1934-ல் பம்பாய் மகாசபை விதிகளைத் திருத்திற்று. 500 அங்கத்தினருக்கு ஒரு பிரதிநிதி என்பது அளவாயிற்று. அப்பிரதிநிதிகளே காங்கிரஸ் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1939 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ், பட்டாபி சீதாராமய்யாவை 200-க்குச் சற்று அதிகமான வாக்குகளால் வென்றது இம்முறையிலேதான். குக்கிராமத்தில் ஒருவர் கொடுத்த நாலணா எத்தனை தூரம் சென்றது, பாருங்கள்!

ஆனால், எந்த வாசல் வழியாக ஜனங்கள் வந்தார்களோ, அதே வாசல் வழியாகச் சூழ்ச்சியும் வந்தது. 1935-36-ல் அங்கத்தினர் தொகை ஐந்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1937-ல் பல மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரி சபைகள் ஏற்பட்டன. 1938-39-ல் தொகை 45 லட்சத்தைத் தாண்டிற்று. இவர்கள் எல்லோரும் தேசபக்தியினால் வந்தவர்கள்தாமா? ஜாபிதாக்களில் பொய்ப் பெயர்கள் மலிந்துவிட்டதைக் காந்தியடிகளே 'ஹரிஜன்' பத்திரிகையில் வன்மையாகக் கண்டித்தார். காரணம் எளிது. பெயர்கள் பெருகினால் பிரதிநிதிகள் பெருகுவார்கள்; பிரதிநிதிகள் பெருகினால் அதிகாரம் பெருகும். பலருடைய சந்தாவை ஒருவரே கட்டிவிட்டால், அந்தப் பலருடைய வாக்கும் அவர் மடியிலேதான் இருக்கும்.

இதற்கு மருந்து விதிப் புஸ்தகத்தில் மட்டும் இல்லை. தலைவரின் பிரசங்கத்தைக் கேட்க வெயிலில் காத்து நிற்கும் நாம், கமிட்டியின் வருஷாந்தரக் கூட்டத்துக்குப் போகிறோமா? ஜாபிதாவைப் படித்துக் காட்டும்படி கேட்கிறோமா? சந்தாக் கணக்கைப் பார்க்கிறோமா? நாம் வராத கூட்டத்தில் வந்தவர்கள் முடிவு செய்வார்கள். அந்த முடிவு நம் பெயரிலேயே வெளியாகும்.

1957-ல் நயா பைசா வந்தது. நாளடைவில் அணாவும் வழக்கொழிந்தது. கட்சிகளும் பலவாகப் பெருகிவிட்டன. எனினும் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், சந்தாவை நம் கையால் செலுத்தி, ரசீதைக் கேட்டு வாங்கி, கூட்டத்துக்கு நாமே போவோம். கட்சியை ஜனங்களுடையதாக வைத்திருக்க இதைவிட எளிய வழி வேறில்லை.